ஆறு சதுர மீட்டர் இரவு: சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யர்கள் எங்கே கூடினார்கள்?

குருஷ்சேவ் காலத்தில் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்புகளில் சமையலறை ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர்தான். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சுவரை ஒட்டி ஒரு சின்ன மேசை, நாலைந்து முக்காலிகள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டால், சன்னலோரம் இருப்பவர் வெளியே போக மற்றவர்கள் எழுந்து வழிவிட வேண்டும். சோவியத் ஆட்சியின் கடைசி முப்பது ஆண்டுகளில் ரஷ்ய நகரங்களின் இரவு பெரும்பாலும் இந்த அறையில்தான் கழிந்தது. தேநீர், வோட்கா, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், ஒரு கிதார், விடியும்வரை பேச்சு.

1991க்குப் பிறகான ரஷ்ய இரவு வாழ்க்கை என்றதும் நியான் விளக்குகள், சூதாட்ட விடுதிகள், கறுப்புக் கண்ணாடி போட்ட கார்கள் என்று ஒரு படம் பலருக்கும் மனதில் வரும். அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மக்களின் மாலைப்பொழுதைப் புரிந்துகொள்ள முடியாது. நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: வேலை முடிந்து, சாப்பாடும் முடிந்து, தூக்கம் வராத நேரத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார அவர்களுக்கு எங்கே இடம் இருந்தது? அந்த இடத்தின் சாவி யார் கையில் இருந்தது? இதைப் பிடித்துக்கொண்டு போனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டு ரஷ்ய அன்றாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

சமையலறை ஏன்?

1957 ஜூலை 31 அன்று சோவியத் அரசு வீட்டுவசதி பற்றி ஒரு தீர்மானம் போட்டது. அதற்கு முன் நகரங்களில் ஏராளமானோர் ‘கொம்முனால்கா’ எனப்படும் கூட்டுக் குடியிருப்புகளில் இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் பொது. யார் வீட்டில் என்ன வேகிறது, யாரைப் பார்க்க யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது அடுத்த அறைக்காரருக்குத் தெரியும். பிடிக்காத அண்டை வீட்டார் அதிகாரிகளுக்கு எழுதிப்போடுவதும் உண்டு. அங்கே வாய்விட்டுப் பேச முடியாது.

தீர்மானத்துக்குப் பிறகு எழுந்த மலிவான குடியிருப்புகளில் சுவர் மெலிது, கூரை தாழ்வு, லிஃப்ட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு. அறைகளே இரவில் படுக்கையறை ஆகிவிடுவதால், குழந்தைகளும் பாட்டியும் தூங்கிய பிறகு விழித்திருப்பவர்களுக்கு மிஞ்சியது சமையலறை ஒன்றுதான். அரசியல் பேச வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிடுவார்கள், தொலைபேசியின் மேல் தலையணையைப் போட்டு மூடுவார்கள். தட்டச்சில் கள்ளத்தனமாகப் படியெடுத்த புத்தகங்கள் அங்கேதான் கைமாறின. பாடகர் ஒருவரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளேயே முப்பது பேரை உட்காரவைத்துக் கச்சேரி நடத்துவதற்கு ‘க்வர்த்தீர்னிக்’ என்றே ஒரு சொல் பிறந்தது. வீட்டுக் கச்சேரி என்று சொல்லலாம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வெளியே இடமே இல்லையா என்றால், இருந்தது. உணவகங்கள் இருந்தன, வாசலில் ‘இடமில்லை’ என்ற பலகையும் இருந்தது. உள்ளே மேசைகள் காலியாகக் கிடந்தாலும் சீருடை போட்ட வாயிற்காவலர் மனம்வைத்தால்தான் நுழைய முடியும்; அதற்கு அவர் கையில் ஏதாவது வைக்க வேண்டும். இரவு பதினொன்றுக்குக் கதவடைப்பு. இளைஞர்களுக்குக் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் மேற்பார்வையில் டிஸ்கோக்கள், தொழிற்சாலைகளின் பண்பாட்டு மாளிகைகள். எல்லா இடத்துக்கும் உரிமையாளர் ஒருவரே, அரசு.

நம்மில் பலருக்கு ரஷ்யா அறிமுகமானது மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் வழியாக. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சல்லிசாகக் கிடைத்த அந்தப் புத்தகங்களில் பனி இருந்தது, சமோவார் இருந்தது, பிர்ச் மரக் காடு இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுக்கும் இந்தச் சமையலறைக்கு மட்டும் அவற்றில் இடம் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகங்களை நேசித்தவர்கள் இந்த அறையையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அதே மனிதர்கள்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொதிகலன் அறையும் உட்கார்ந்து கேட்ட ராக் இசையும்

சமையலறையிலிருந்து இரவு வெளியே வந்தது மெல்ல மெல்லத்தான். 1981-இல் லெனின்கிராடில், ரூபின்ஷ்டெய்ன் தெரு 13-ஆம் எண் கட்டடத்தில் ராக் கிளப் ஒன்று திறக்கப்பட்டது. பாட்டு வரிகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ரசிகர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்க வேண்டும். எழுந்து ஆடக் கூடாது. உளவுத்துறையின் கண் அதன்மேல் எப்போதும் இருந்தது. அப்படியும், ஒரு தலைமுறையின் இசை அந்த அரங்கிலிருந்துதான் வந்தது.

இசைக்காரர்கள் பகலில் என்ன செய்தார்கள் என்பது அதைவிடச் சுவையான கதை. வேலை செய்யாமல் இருப்பது அங்கே குற்றம். 1961-இல் வந்த ‘ஒட்டுண்ணி’ ஆணைப்படி ஊரைவிட்டே அனுப்பிவிடலாம். எனவே கலைஞர்கள் இரவுக் காவல், தெருக் கூட்டுதல், வீடுகளைச் சூடேற்றும் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடுதல் போன்ற வேலைகளைத் தேடிப்போனார்கள். ஒரு நாள் முழுக்க வேலை, அடுத்த சில நாட்கள் ஓய்வு. வேலைப் புத்தகத்தில் முத்திரையும் விழுந்துவிடும். ‘கினோ’ குழுவின் விக்தர் த்சோய் 1980களின் நடுவில் அப்படி வேலை பார்த்த ‘கம்சாத்கா’ கொதிகலன் அறை நண்பர்கள் கூடும் இடமாகவே ஆனது. அவர் 1990 ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் கார் விபத்தில் இறந்தார், வயது 28. அந்தக் கொதிகலன் அறை இன்று அருங்காட்சியகம், இசையரங்கு.

1987-இல் கூட்டுறவு என்ற பெயரில் தனியார் உணவகங்களுக்கு அனுமதி வந்தது. 1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்தில் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது ஒரே நாளில் 30,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்ததைத் தின்னவா அவ்வளவு கூட்டம் என்று இன்று கேட்கத் தோன்றும். வாயிற்காவலருக்கு எதுவும் கொடுக்காமல் உள்ளே போகலாம், சிரித்த முகத்தோடு பரிமாறுவார்கள் என்பதே அன்று பெரும் செய்தி.

யாருமில்லாத கட்டடங்கள்

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். எல்லாக் கட்டடங்களுக்கும் உரிமையாளராக இருந்த அரசு கலைந்துபோனது. சில ஆண்டுகளுக்கு ஏராளமான அறைகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெளிவில்லை.

லெனின்கிராடின் நடுப்பகுதியில் பெரிய பழுதுபார்ப்புக்காகக் குடியிருப்போரை வெளியேற்றிவிட்டு, வேலை தொடங்காமலே விட்ட வீடுகள் நிறைய இருந்தன. 1989 வாக்கில் அவற்றுக்குள் ஓவியர்களும் இசைக்காரர்களும் குடியேறினார்கள். புஷ்கின்ஸ்கயா 10 என்ற முகவரியில் அப்படித் தொடங்கிய கலைஞர் குடியிருப்பு இன்றும் கலை மையமாக இயங்குகிறது. ஃபொன்தான்கா ஆற்றங்கரை 145-இல் இருந்த வீட்டில் சில இளைஞர்கள் ஒரு தளத்தை நடனக்கூடமாக மாற்றினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னணு இசை ரஷ்யாவில் வேர்விட்டது அங்கேதான்.

அந்தக் கூட்டம்தான் மாஸ்கோவுக்குப் போய் ‘ககாரின் பார்ட்டி’ நடத்தியது. நாள்: 1991 டிசம்பர் 14. ஆறு நாட்களுக்கு முன் மூன்று குடியரசுகளின் தலைவர்கள் காட்டு மாளிகை ஒன்றில் கூடிச் சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். கிரெம்ளினில் செங்கொடி இறங்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. கடைகளின் அலமாரிகள் காலி. அந்த இரவில், நாட்டின் சாதனைகளைக் காட்சிக்கு வைக்கக் கட்டிய வளாகத்தின் விண்வெளிக் கூடத்தில், விண்கலங்களின் அடியில் இளைஞர்கள் ஆடினார்கள். தங்கள் பெற்றோருக்குப் பெருமிதம் தந்த பொருள்களை அவர்கள் உடைக்கவோ இழிவு செய்யவோ இல்லை. விருந்துக்கே, விண்வெளிக்கு முதலில் போன மனிதரான ககாரின் பெயரை வைத்தார்கள். ஒரு நாடு இல்லாமல் போகும் வாரத்தில் அதன் மிக அழகான கனவின் அடியில் நின்று ஆடியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அதே கூடம் பின்னர் சில ஆண்டுகள் சந்தையாகி, தோட்டச் செடி விதைகூட அங்கே விற்றார்கள். 2018-இல்தான் மறுபடி விண்வெளிக் காட்சியகமாக மீட்டார்கள்.

அடுத்தது நிலத்தடி. அணுப்போருக்கு அஞ்சி நகரம் முழுக்கத் தோண்டிவைத்த குண்டுவீச்சுப் பதுங்கறைகள் சும்மா கிடந்தன. தடித்த சுவர், இரும்புக் கதவு, தனிக் காற்றோட்ட அமைப்பு. எவ்வளவு சத்தம் போட்டாலும் மேலே தெரு தூங்கும். 1993-இல் பீட்டர்ஸ்பர்க்கில் (லெனின்கிராடுக்கு 1991-இல் திரும்பிவந்த பழைய பெயர்) ஒரு பதுங்கறைக்குள் ‘டன்னல்’ என்ற டெக்னோ கிளப் பிறந்தது. 1996-இல் இன்னொன்றில் ‘கிரிபோயேதவ்’ திறந்தது. அதை நடத்தியவர்கள் ஓர் இசைக்குழுவினர். இவற்றுக்கு முன்பே, ‘அக்வாரியம்’ குழுவில் செல்லோ வாசித்த வ்சேவலத் காக்கெல் 1991-இல் ‘தம்தம்’ என்ற கிளப்பைத் தொடங்கிப் புதுக் குழுக்களுக்கு மேடை கொடுத்தார். 1996 வரை அது தாக்குப்பிடித்தது. இந்த இடங்களில் நாற்காலியில் உட்காரச் சொல்ல யாருமில்லை.

பெட்டிக்கடை வெளிச்சம்

இதெல்லாம் சில ஆயிரம் பேரின் இரவு. மற்றவர்களின் இரவு எப்படி இருந்தது?

1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓர் ஆண்டில் விலைகள் ஏறக்குறைய 26 மடங்கு ஆயின. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் சில மாதங்களில் கரைந்தது. ஜனவரி முடிவதற்குள் யாரும் எங்கும் விற்கலாம் என்ற ஆணையும் வந்தது. மெட்ரோ நிலைய வாசல்களில் மக்கள் வரிசையாக நின்று காலுறை, பாட்டி வைத்திருந்த பீங்கான் கோப்பை, ஒரு சோடிக் காலணி என்று கையில் பிடித்தபடி விற்றார்கள். ஆசிரியர்களும் பொறியாளர்களும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போய், கட்டம்போட்ட பெரிய பைகளில் துணி அள்ளிவந்து சந்தையில் விற்றார்கள். இவர்களுக்குப் பெயர் ‘செல்னோக்’. தறியில் இங்குமங்கும் ஓடும் நாடா. நெசவு தெரிந்த நமக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

மெட்ரோ வாசலில் நின்றவர்களுக்குப் பின்னால் பெட்டிக்கடைகள் முளைத்தன. இரவெல்லாம் திறந்திருக்கும். இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னத் திறப்பு. குனிந்து, முகத்தை உள்ளே நீட்டிக் கேட்க வேண்டும். சிகரெட், சூயிங்கம், சாக்லேட், பீர், ‘ராயல்’ என்ற பெயரில் இறக்குமதியான எரிசாராயம். அதை வீட்டில் தண்ணீர் கலந்து குடித்தார்கள். மதுவின் மீதான அரசின் ஏகபோகத்தை 1992 ஜூனில் ரஷ்ய அதிபர் எல்த்சின் நீக்கியிருந்தார். அதற்கு ஏழாண்டு முன்புதான் கோர்பச்சோவ் மதுவிலக்கு இயக்கம் நடத்தி, திராட்சைத் தோட்டங்களைக்கூட வெட்டவைத்திருந்தார். ஒரு கடுங்கட்டுப்பாட்டிலிருந்து கட்டற்ற நிலைக்கு நாடு ஒரே தாவலில் போய் விழுந்தது. அந்த வேளையில்தான் வேலை பறிபோனது, சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. 1990-இல் ஏறக்குறைய 64 ஆக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994-இல் 58-ஐக்கூட எட்டவில்லை. போர் இல்லாத காலத்தில் ஒரு தொழில்மயமான நாட்டுக்கு இப்படி நேர்ந்தது அரிது. பெட்டிக்கடை வெளிச்சத்தைப் பற்றி எழுதும்போது இந்த எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதே ஆண்டுகளில் மாஸ்கோவின் நோவி அர்பாத் சாலை சூதாட்ட விளக்குகளால் மின்னியது. சோவியத் காலத்தில் இளைஞர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போன ‘மெத்தேலித்சா’ கஃபே சூதாட்ட விடுதியானது. திரையரங்குகள் சில கார் விற்பனைக்கூடங்களாகவும் அறைகலன் கடைகளாகவும் மாறின. புதுப்பணக்காரர்கள் கருஞ்சிவப்புக் கோட்டும் தடித்த தங்கச் சங்கிலியும் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் விடுதிக்கும் மேலே ஒரு ‘கூரை’ இருந்தது. ‘க்ரீஷா’ என்ற அந்தச் சொல்லுக்கு அன்றைய பேச்சுவழக்கில், மாமூல் வாங்கிக்கொண்டு காவல் தரும் அடியாள் கும்பல் என்று பொருள். அறையின் சாவி மறுபடி ஒருவர் கைக்குப் போனது. இம்முறை அவர் கையில் துப்பாக்கியும் இருந்தது.

முற்றம், கராஜ், தாச்சா

பெரும்பாலான ரஷ்யர்கள் வாழ்நாளில் ஒரு பெரிய இரவு விடுதிக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் பொது முற்றமும் அதன் மரப் பெஞ்சும்தான் இளைஞர்களின் கூடுமிடம். குளிர் தாங்காதபோது படிக்கட்டின் சன்னல் திண்டு. அங்கே வெப்பக் குழாய் ஓடும், முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். கையில் பீர் பாட்டில் இருக்கும். அன்று ரஷ்யச் சட்டப்படி பீர் மதுவே அல்ல, உணவுப்பொருள். 2011-இல் வந்த சட்டம்தான் அதை மதுவாக வகைப்படுத்தியது.

ஆண்களுக்குக் கராஜ். குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக நிற்கும் கார்க்கொட்டகைகள். கார் ஓடுகிறதோ இல்லையோ, மாலையில் அங்கே போய் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டு, ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து, பக்கத்துக் கொட்டகைக்காரரோடு பேசுவார்கள். சிறு நகரங்களில் இதுவே மன்றம். அங்கெல்லாம் கிளப் என்று ஒன்று இருந்தால், அது பழைய பண்பாட்டு மாளிகையில் சனிக்கிழமை மட்டும் நடக்கும் டிஸ்கோதான்.

மே மாதம் பிறந்துவிட்டால் வெள்ளி மாலைகளில் புறநகர் ரயில்களில் நிற்க இடமிருக்காது. மண்வெட்டி, நாற்றுப் பெட்டி, பூனைக் கூடை சகிதம் குடும்பங்கள் தாச்சா எனப்படும் ஊருக்கு வெளியிலான சிறு தோட்ட வீட்டுக்குக் கிளம்பும். சோவியத் காலத்தில் ஒதுக்கிய நிலம் பெரும்பாலும் 600 சதுர மீட்டர். 1990களில் அங்கே விளைந்த உருளைக்கிழங்கு பல குடும்பங்களின் குளிர்காலச் சாப்பாடு. பின்னாளில் வசதி வந்ததும் உருளைக்கிழங்குப் பாத்தி புல்வெளியானது, கரியில் சுட்ட இறைச்சியும் நீராவிக் குளியலும் முக்கியமாயின. ஆனாலும் இரவு வெகுநேரம் மேசையைச் சுற்றி உட்காரும் பழக்கம் மாறவில்லை.

புத்தாண்டு இரவு தனி. மதத்துக்கு இடமில்லாத காலத்தில் குடும்பப் பெருவிழாவாக வளர்ந்தது அது. ஆலிவியே சாலட், ஆரஞ்சு மணக்கும் மேசை, நள்ளிரவுக்கு முன் தொலைக்காட்சியில் அதிபரின் உரை, கிரெம்ளின் கடிகாரத்தின் மணி. எல்லாம் முடிந்து, வயதானவர்களை முத்தமிட்டுவிட்டு இளையவர்கள் வெளியே கிளம்ப ஒரு மணிக்கு மேலாகிவிடும்.

இரவைக் கிழித்த கடிகாரம்

ரஷ்ய இரவுக்கு உருவம் கொடுத்தவை மெட்ரோவும் பாலங்களும். மாஸ்கோ மெட்ரோ இரவு ஒரு மணிக்கு மூடும், காலை ஐந்தரைக்குத் திறக்கும். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு முடிவெடுக்க வேண்டும்: கடைசி ரயிலைப் பிடிப்பதா, விடியும்வரை இருப்பதா? நடுவழி கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கப்பல் போகும் பருவத்தில், ஏப்ரல் முதல் நவம்பர் வரை, நேவா ஆற்றின் பாலங்களை இரவு ஒன்று, ஒன்றரை மணிவாக்கில் தூக்கிவிடுவார்கள். ஐந்து மணியளவில்தான் இறக்குவார்கள். தவறான கரையில் மாட்டினால் வீடு கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. ஜூன் மாத வெண்ணிரவுகளில் இருட்டும் இல்லை. எத்தனையோ காதலும் நட்பும் பாலம் இறங்கக் காத்திருந்த நேரத்தில் தொடங்கியிருக்கின்றன.

மற்றொரு வழி, சாலையோரம் கை நீட்டுவது. எந்தக் காரும் நிற்கும். ஓட்டுபவர் பகலில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். சன்னல் வழியே இடம் சொல்லி, பேரம் பேசி ஏற வேண்டும். இப்படி ஓட்டியவர்களை ‘பம்பீலா’ என்பார்கள். சம்பளம் கிடைக்காத ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் இந்த இரவுக் கூலியில் பிழைத்தன. 2011-இல் கைபேசியில் வண்டியை அழைக்கும் யாண்டெக்ஸ் டாக்ஸி வந்த பிறகு கை நீட்டும் வழக்கம் பெரிய நகரங்களில் மெல்ல மறைந்தது.

எண்ணெய்ப் பணமும் வாசல் பரிசோதனையும்

1998 ஆகஸ்ட் 17 அன்று அரசு கடனைத் திருப்பித்தர முடியாது என்று அறிவித்தது. டாலருக்கு ஆறு ரூபிளாக இருந்த மதிப்பு ஆண்டு முடிவதற்குள் இருபதைத் தாண்டியது. ஆடம்பர விடுதிகள் பல காற்றுப்போயின. அந்த ஆண்டின் இறுதியில்தான் மாஸ்கோவில் ‘ப்ரயெக்த் ஓ.கி.ஐ.’ என்ற இடம் உருவானது. ஒரு குடியிருப்பு வீட்டுக்குள் தொடங்கி, பிறகு நிலவறைக்கு மாறியது. புத்தகக் கடை, மலிவான சாப்பாடு, கவிதை வாசிப்பு, கச்சேரி எல்லாம் ஒரே இடத்தில், இரவு முழுக்க. பணமில்லாத ஆய்வாளரும் மாணவரும் அங்கே மணிக்கணக்கில் உட்காரலாம். பழைய சமையலறைப் பேச்சுக்கு இவர்கள் ஒரு பொதுவாசல் வைத்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். இந்தக் காலத்தின் மற்ற எல்லாக் கண்டுபிடிப்புகளையும்விட எனக்கு மிகப் பிடித்தது இது.

2000களில் எண்ணெய் விலை ஏறியது, சம்பளம் ஒழுங்காக வந்தது, கடனட்டை வந்தது. மாஸ்கோவில் தெருவுக்கு ஒரு சூஷிக் கடை. கஃபேக்களில் மதியச் சாப்பாட்டுக்கு ‘பிசினஸ் லஞ்ச்’ என்று பெயர். எஸ்பிரஸோவில் பாலாடையும் வெனிலாச் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் ‘ராஃப்’ என்ற காபி மாஸ்கோவிலேயே பிறந்து நாடு முழுக்கப் பரவியது. வீடுகளில் ‘யெவ்ரோரிமோன்ட்’ காய்ச்சல்: ஐரோப்பியத் தரத்தில் வீட்டைப் புதுப்பிப்பது. 1991 சட்டப்படி குடியிருந்த அரசு வீடுகளை மக்கள் இலவசமாகவே தம் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சொந்தமானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடிப்பது.

இரவு விடுதிகளின் வாசலுக்கு அந்தப் பழைய காவலர் புது உடையில் திரும்பிவந்தார். உடை, முகம், கூட வந்தவர் எல்லாவற்றையும் ஒரு நொடி பார்த்து, உள்ளே விடுவதா இல்லையா என்று அவர் முடிவு செய்வார். ‘ஃபேஸ் கண்ட்ரோல்’ என்று ஆங்கிலச் சொற்களை ஒட்டி ரஷ்யர்களே உண்டாக்கிய பெயர் அது. ‘தியாகிலெவ்’ போன்ற கிளப்புகளின் வாசலில் நின்ற பாஷா என்பவர் திரை நட்சத்திரம் அளவுக்குப் பேர்வாங்கினார். ‘இடமில்லை’ பலகை இருந்த காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர், எல்லோருக்கும் இதே கதிதான் என்று ஆறுதல்பட முடிந்தது. இப்போது தன் முகம்தான் குறை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார். இந்த மாற்றத்தின் வலியை யாரும் அதிகம் பேசவில்லை.

கட்டடங்களின் கதைக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. 2009 டிசம்பர் 5 அதிகாலை, பெர்ம் நகரின் ‘நொண்டிக் குதிரை’ கிளப்பில் ஆண்டுவிழா. குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த அந்தக் கூடத்தின் கூரை தாழ்வு. அலங்காரத்துக்காக உலர்ந்த குச்சிகளைப் பின்னி வைத்திருந்தார்கள். உள்ளே கொளுத்திய வாணத்தின் பொறி அதில் பற்றியது. வெளியேற வழி குறுகல். 156 பேர் இறந்தார்கள். வேறு எதற்கோ கட்டிய அறைகளில் நடந்த இருபதாண்டு இரவின் விலையை அந்த ஊர் செலுத்தியது. அந்தக் கூடத்தில் ஆபத்து எங்கே இருந்தது என்று சரியாகப் பார்த்து, மூடச் சொல்ல வேண்டியவர்கள் முன்பே சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

நகரம் திறந்த சில ஆண்டுகள்

சூதாட்ட விடுதிகளை 2009 ஜூலை 1 முதல் நான்கு ஒதுக்கப்பட்ட மண்டலங்களுக்கு வெளியே மூடிவிட்டார்கள். நோவி அர்பாத் ஒரே இரவில் மங்கியது. கடைகளில் இரவு பதினொன்று முதல் காலை எட்டு வரை மது விற்கத் தடை வந்தது. 2013 தொடக்கத்திலிருந்து பெட்டிக்கடையில் பீர் இல்லை. 2014 ஜூனிலிருந்து கஃபேக்களில் புகைக்கக் கூடாது. 2016 பிப்ரவரியில் ஒரே இரவில் மாஸ்கோ நகராட்சி மெட்ரோ வாசல்களில் இருந்த ஏறக்குறைய நூறு கடைகளைப் பொக்லைன் வைத்து இடித்தது. அவற்றில் சில, உரிமைப் பத்திரம் உள்ள கடைகள்.

குடி உண்மையாகவே குறைந்தது. 2003-க்கும் 2016-க்கும் இடையே தலைக்கு அருந்தும் அளவு 43 விழுக்காடு சரிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. ஆண்களின் ஆயுள் 2019-இல் 68-ஐத் தாண்டியது. வீட்டில் ஓர் ஆணை இழந்த குடும்பங்களுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும்.

2011-இல் மாஸ்கோவின் கோர்க்கி பூங்கா நுழைவுக் கட்டணத்தை நீக்கி, பழைய ராட்டினங்களை அகற்றியது. மாலையில் புல்லில் படுத்திருக்கலாம், ஆற்றங்கரையில் நடனம் ஆடலாம், காசு வேண்டாம். அதே ஆண்டு ‘சிஃபெர்ப்ளாத்’ என்ற ‘எதிர்-கஃபே’ தொடங்கியது. தேநீரும் பிஸ்கட்டும் இலவசம். உட்கார்ந்த நிமிடங்களுக்கு மட்டும் கட்டணம். மதுவுக்கு இடமில்லை. பார்த்தால் அது ஒரு பெரிய வீட்டுக் கூடம்போல இருக்கும். இடம்தான் பண்டம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தொழிற்சாலைகளும் திறந்தன. ஆற்றங்கரையில் இருந்த ‘செவ்வக்டோபர்’ சாக்லேட் ஆலை ஊருக்கு வெளியே போனதும் அதன் செங்கல் கட்டடங்களில் மதுக்கூடங்களும் கலைக்கூடங்களும் வந்தன. பழைய எரிவாயு ஆலையில் 2008 முதல் ‘ஆர்மா 17’ என்ற மின்னணு இசை கிளப். 2019-இல், சோவியத் காலப் பேரிங் ஆலையின் கூடத்தில் ‘முத்தபோர்’. பெர்லின் இசைக்கலைஞர்கள் வந்து வாசித்துவிட்டு வியந்துபோன காலம் அது.

மூடும் கதவுகள்

மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. 2016 ஜூலையில் ‘ஆர்மா 17’ குழுவினரின் ‘அவுட்லைன்’ இசைவிழாவைத் தொடங்கச் சில மணிநேரம் இருக்கும்போது அதிகாரிகள் நிறுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கியதும் இசைக்காரர்களும் டிஜேக்களும் கிளப் நடத்தியவர்களும் திபிலிசிக்கும் யெரெவானுக்கும் பெல்கிரேடுக்கும் போனார்கள். மெக்டொனால்ட்ஸ் நாட்டைவிட்டு வெளியேறியது. புஷ்கின் சதுக்கத்துக் கடை ஜூன் 12 அன்று வேறு பெயரில், ஏறக்குறைய அதே உணவுப் பட்டியலோடு திறந்தது.

2023 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ என்பதைத் தீவிரவாதம் என்று அறிவித்தது. அப்படிப் பெயர் கொண்ட அமைப்பு எதுவும் இல்லை. இரண்டு நாளுக்குள் மாஸ்கோ கிளப்புகளில் காவலர்கள் நுழைந்து, உள்ளே இருந்தவர்களின் அடையாள ஆவணங்களைப் படம் எடுத்தார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் பல ஆண்டுகள் நடந்துவந்த ஒரு கிளப்புக்கு இடத்தின் உரிமையாளர் இனி வாடகைக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 20 இரவு ‘முத்தபோர்’ கிளப்பில் குறைந்த உடையில் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரபலங்கள் நடத்திய விருந்து பெரும் சர்ச்சையானது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்கள், ஓர் இளம் ராப் பாடகர் சிறை போனார், நீதிமன்றம் கிளப்பை 90 நாட்களுக்கு மூடியது. சாவி மறுபடி அரசிடம்.

கிளப்புகள் எல்லாம் மூடிவிடவில்லை. மாஸ்கோவின் மதுக்கூடத் தெருக்களில் வெள்ளி இரவு இன்றும் நெரிசல்தான். ஆனால் தாங்கள் நினைத்ததைப் பாடவும் பேசவும் விரும்புகிறவர்களுக்கு வெளியே இடம் சுருங்கிவிட்டது. ‘க்வர்த்தீர்னிக்’ திரும்பிவந்திருக்கிறது. முகவரி தெரிந்தவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தியில் போகிறது. வந்தவர்கள் வாசலில் காலணியைக் கழற்றி, வீட்டுக்காரர் தரும் செருப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் தரையில், சிலர் சன்னல் திண்டில். மாஸ்கோவில் இரவு பதினொன்றுக்கு மேல் அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படி சத்தம் போடக் கூடாது என்பது விதி. அதனால் பதினொன்று அடித்ததும் கிதாரை உறைக்குள் வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீரை ஏற்றிவைத்து, மிச்சமிருப்பவர்கள் சமையலறையில் நெருக்கி உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார்கள்.